வேரில் எழுந்த பிள்ளை

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, அயல் வீட்டுச் சிறுமியொருத்தி பாடசாலைக் கொப்பியும் பென்சிலுமாய் எங்கள் வாயிற்படியில் வந்து நின்றாள். "அன்னையர் தினத்துக்குக் கட்டுரை எழுத வேணும் ஐயா. அம்மாவுக்கு எந்தப் பூக் குடுக்கிறது நல்லம் எண்டு டீச்சர் கேட்டாங்க" என்றாள்.

வாரந்தோறும் பத்திரிகையில் எழுதுகின்றவருக்கு எல்லாம் தெரியும் என்பது அப்பிள்ளையின் நம்பிக்கை. அந்நம்பிக்கையைக் கெடுத்தலாகாது என்று, எனக்குத் தெரிந்த கதையைச் சொன்னேன்.

அமெரிக்க நாட்டில் அன்னா ஜார்விஸ் என்றொரு பெண்மணி இருந்தார். அவருடைய தாயார் 1905ஆம் ஆண்டு மே மாதத்தில் காலமானார். மூன்று ஆண்டுகள் கழிந்தபின், 1908ஆம் ஆண்டு மே 10ஆந் தேதி, மேற்கு வர்ஜீனியாவிலுள்ள கிராப்டன் என்னும் ஊர்த் தேவாலயத்தில் அன்னையரை நினைக்கும் ஆராதனையொன்று நடந்தேறியது. அன்னா அங்குச் செல்லவில்லை. ஐந்நூறு வெள்ளைக் கார்னேசன் மலர்களை அனுப்பிவைத்தார். அது அவருடைய தாயார் விரும்பிய மலர். அன்று தொடங்கியதே மே மாதத்து இரண்டாம் ஞாயிறு அன்னையர் தினமாகும் வழக்கம். பின்னாளில் பூ விற்போரும் வாழ்த்துமடல் விற்போரும் அந்நாளைத் தம் வியாபாரத்துக்கு உரியதாக்கிக்கொண்டபோது, தாம் தொடங்கிய தினத்தை எதிர்த்துத் தாமே போராடினார் அவர் என்பது கதையின் பிற்பகுதி.

சிறுமி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டு, "உங்கட அம்மாவுக்கு என்ன பூ விருப்பம் ஐயா?" என்று கேட்டாள்.

எனக்கு விடை தெரியவில்லை. என் தாயார் பூச்சூடி நான் கண்டதில்லை. எனக்கு அறிவு வருமுன்னரே அவர் கைம்பெண்ணாகிவிட்டார். கண்ணகை அம்மனுக்கு வைகாசிச் சடங்கு நடக்கையில் செவ்வரத்தையும் தென்னம்பாளையும் கொண்டுபோய்க் கொடுப்பாரேயன்றித் தமக்கென ஒரு பூவையும் அவர் கொய்ததில்லை. ஆகவே, "பூவில்லைப் பிள்ளை, மரம்" என்று சொல்லி, எங்கள் வளவின் மேற்கு மூலையைக் காட்டினேன். அங்கே ஓர் ஈரப்பலா நிற்கின்றது. அம்மரத்தின் கதையையே இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

ஈரப்பலாவை அறியாத இல்லத்தரசி நம் நாட்டில் இருத்தலரிது. பலாவுக்கும் ஆலுக்கும் அரசுக்கும் அது இனம். அகன்று பிளந்த இலை, முறித்தால் வெண்பால், பச்சைக் காய், காய்க்குள்ளே மாவான சதை. ஆனால் அதற்கு ஒரு குறையுண்டு; குறையென்பதா, சிறப்பென்பதா என்பதை முடிவில் நேயர்களே தீர்மானிக்கலாம். நாம் வளவில் வைக்கும் ஈரப்பலாவுக்கு விதையில்லை. வித்தில்லாத மரம் வழிவழியாக வாழ்வது எங்ஙனம்? வேரினால். அதன் வேர்கள் நிலத்தின் மேற்பரப்பை ஒட்டி வெகுதூரம் ஓடும். மண்வெட்டி பட்டோ, மாட்டுக்குளம்பு பட்டோ ஒரு வேர் காயமுற்றால், அக்காயத்திலிருந்து ஒரு முளை கிளம்பும். அதுவே கன்று. அக்கன்று தாய்மரத்தினின்றும் வேறான மரமன்று, அதே மரமே. வேர் அறாதவரையில் தாயின் சாற்றையே அது உண்ணும்.

என் தாயாரின் ஊர் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அண்மையில் உள்ளது. மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வடக்குத் தெற்காகக் கிடந்து நம் நாட்டை இரண்டாகப் பிரிக்கின்றது. ஞாயிறு எழும் கடற்பக்கம் எழுவான்கரை. ஞாயிறு படும் வயற்பக்கம் படுவான்கரை. எங்கள் வீட்டின் பின்புறத்தில் பழைய ஈரப்பலா ஒன்று நின்றது. நெல் குறைந்த நாட்களில் எங்கள் ஐவருக்கும் அதுவே அன்னமிட்டது. காயின் தோலில் பால் கசிந்து உலர்ந்து வெண்புள்ளியாக நிற்பதைப் பார்த்தே தாயார் முற்றலை அறிவார். கையிலும் கத்தியிலும் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு காயைப் பிளப்பார். ஒருநாள் அவித்துத் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்ப்பார். மறுநாள் தேங்காய்ப்பாலிட்டுக் கறியாக்குவார். மூன்றாம் நாள் மெல்லியதாகச் சீவிப் பொரிப்பார். ஒரே காய் என்று நாங்கள் முறையிடாதபடி அவர் செய்த உபாயம் அது.

1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் தேதி இரவு அடித்த சூறாவளியை இப்பகுதியார் மறக்கவியலாது. நெல் மூட்டைகளுக்கு இடையே எங்களை இருத்தி, வாசற்கதவைத் தம் முதுகினால் தாங்கிக்கொண்டு விடியுமட்டும் நின்றார் தாயார். காலையிற் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் தென்னைகள் படுத்துக் கிடந்தன. ஈரப்பலாவும் அடியோடு சாய்ந்துவிட்டது. மாமனார் வந்து, அடிக்கட்டையையும் தோண்டி எடுத்தால் விறகுக்காகும் என்றார். தாயார் இணங்கவில்லை. "அடிபட்ட வேர்தான் புள்ள பெறும்" என்று சொல்லிவிட்டு, அறுந்த வேர்களின்மேல் சாம்பலும் மண்ணும் அள்ளிப் போட்டார். சில மாதங்களில் சாய்ந்த மரத்தைச் சுற்றி மூன்று கன்றுகள் எழுந்தன. அவற்றில் இரண்டைக் காத்து மரமாக்கினார்.

இனி, நான் வெட்கத்தோடு சொல்ல வேண்டிய பகுதிக்கு வருகின்றேன்.

மட்டக்களப்பில் குடி தாய்வழி வருவது. வீடும் வளவும் பெண்மக்களுக்குச் சீதனமாகப் போகும். ஆண்மகன் மணமுடித்து மனைவியின் வீட்டுக்குச் செல்வான். என் தாயாரின் வீடு என் அக்காளுக்குரியது. நான் 1984ஆம் ஆண்டு மணமுடித்து எழுவான்கரையில், ஆரையம்பதிக்கு அண்மையிலுள்ள கடற்கரையூரில் மனைவியின் வீட்டுக்கு வந்தேன். மணமாகிச் சில வாரங்களுள், ஒருநாள் நண்பகலில் தாயார் முன்னறிவிப்பின்றி அங்கு வந்து சேர்ந்தார். மனைவி வீட்டார் அன்று உறவினர் பலருக்கு விருந்தளித்துக்கொண்டிருந்தனர். வெயிலில் வியர்த்து, சேலைத் தலைப்பில் மண்கறையோடு, ஈரச் சாக்கினால் சுற்றிய உடைந்த பானையொன்றை இடுப்பில் ஏந்தியவராய் அவர் முற்றத்தில் நின்றார். பானைக்குள் முழங்கை உயரத்தில் ஒரு கன்று.

"மனே, இது நம்மட மரத்துப் புள்ள. உனக்கெண்டு மூணு மாசமா வேர் விடவெச்சுக் கொண்டுவந்தன்" என்றார்.

வந்திருந்தவர்களுள் யாரோ, "சீதனமா, மாப்பிள்ளைக்கு?" என்று கேட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு இன்றும் என்னைச் சுடுகின்றது. பானையை வாங்கிக் குசினிச் சுவரோரம் வைத்துவிட்டு விருந்தினரிடம் சென்றேன். தாயார் உண்டார்; வெற்றிலை போட்டார்; பொழுது சாயுமுன் துறைக்குத் திரும்பினார். நான் அவரைத் துறைமட்டும் கொண்டுபோய் விடவுமில்லை, அக்கன்றை நடவுமில்லை. நான்கு நாட்கள் அது சுவரோரமே வாடிக் கிடந்தது. "மாமி இவ்வளவு தூரம் சுமந்து வந்தத வாடவிடுறது பாவம்" என்று என் மனைவிதான் குழி தோண்டி நட்டாள்.

பிற்காலத்தில் ஈரப்பலாவின் வரலாற்றைப் புத்தகங்களிற் படித்தேன். பசிபிக் தீவுகளே அதன் தாயகம். அங்கிருந்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு அதனைக் கொண்டுசெல்லுமாறு ஆங்கில அரசாங்கம் 1787ஆம் ஆண்டில் 'பவுன்டி' என்னும் கப்பலை அனுப்பியது. கரும்புத் தோட்டத்து அடிமைகளுக்கு மலிவாகச் சோறிடுதல் நோக்கம். தலைவர் பிளை என்பார் தாகித்தித் தீவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கன்றுகளை ஏற்றினார். 1789ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மாலுமிகள் கலகம் செய்து அவரைச் சிறுபடகில் இறக்கிவிட்டு, கன்றுகளையெல்லாம் கடலில் வீசினர். இரண்டாம் முறை பிரயாணம் செய்தே, 1793இல் அவர் கன்றுகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். கன்றொன்றை வாடாமல் தூரதேசம் கொண்டுபோவது எத்துணை அரிய காரியம் என்பதற்கு இதனை எடுத்துக்காட்டுவர்.

இதனைப் படித்த இரவில் நான் எண்ணிப் பார்த்தேன். என் தாயார் விடியுமுன் எழுந்து, மணற்பாதையில் நடந்து, மண்முனைத் துறையில், நாம் பாதை என்று வழங்கும் மிதவையில் ஏறி, வாவியைக் கடந்து, மறுகரையிலும் வெயிலில் நடந்து வந்திருக்கின்றார். இடுப்பிலே பானை, சாக்கு உலர்ந்துவிடாமல் வாவி நீரையா தெளிப்பது? அது உவர். ஆகையால் குடிப்பதற்கென்று போத்தலில் கொண்டுவந்த நல்ல நீரைக் கன்றுக்குத் தெளித்திருக்கிறார். அன்று வந்ததும் மூன்று செம்பு நீர் வாங்கிக் குடித்தார் என்று மனைவி சொன்னபோதுதான் இது எனக்கு விளங்கியது. மன்னரின் கப்பலுக்கு முதன்முறை கூடாதது அவருக்குக் கூடிற்று. அவருக்கு வாய்த்த மாலுமியோ, கன்றைக் கடலில் வீசவில்லை. சுவரோரம் வைத்துவிட்டுப் போனான். அவ்வளவே வேறுபாடு.

கன்று மரமாகி ஐந்தாம் ஆண்டில் காய்த்தது. முதற்காயைத் தாயாருக்குக் கொண்டுபோனேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தோலிலிருந்த வெண்புள்ளிகளை விரலால் தடவிப் பார்த்தார். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருக்கலாம்" என்றார். அன்றே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அடுத்தமுறை கேட்கலாம் என்றிருந்துவிட்டேன்.

பின்பு வந்த காலம் நேயர்கள் அறிந்ததே. போர் வாவியை எல்லையாக்கிற்று. எழுவான்கரையிலிருந்து படுவான்கரை போவது அயல்நாடு போவதிலும் அரிதாயிற்று. 1996ஆம் ஆண்டு மாரியில், ஒருநாள் மாலை தாயார் காலமானார். செய்தி எனக்கு எட்ட மூன்று நாட்களாயின, துறையும் அடைபட்டிருந்தது, வெள்ளமும் பெருகியிருந்தது. நான் கடைசி மகன். தாய்க்குச் செய்யவேண்டிய கடன் எனக்குரியது. மண்முனைத் துறையில் நின்று மறுகரையைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். அவர்மீது ஒரு பிடி மண் போட என் கைக்குக் கொடுத்துவைக்கவில்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். ஆழிப்பேரலை நம் நாட்டில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. எங்கள் குடும்பம் உயிர் தப்பியது இறைவன் செயல். அயலில் எத்தனையோ வீடுகளில் அவ்வருள் கிட்டவில்லை. ஆதலின் எங்கள் இழப்பைப் பெரிதாகச் சொல்ல நாவெழாது. திரும்பி வந்து பார்த்தபோது கூரையில்லை; கிணறு உப்பு; ஈரப்பலா இடுப்பளவில் முறிந்து, எஞ்சிய கட்டையும் சில வாரங்களிற் கருகியது. அக்காளின் வளவில் நின்ற மரங்களும் அதற்கு முன்னரே அழிந்துபோயிருந்தன. தாயார் வைத்த மரத்தின் வழி அத்தோடு அற்றது என்றே கருதினேன். வீடொன்றும் எஞ்சாத ஊரில் ஒரு மரத்துக்காக அழுவது முறையன்று என்று மனத்தை அடக்கிக்கொண்டேன்.

2005ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வீட்டைத் திருத்தத் தொடங்கினோம். ஒருநாள் காலை, குசினிச் சுவரோரத்துக் குப்பைகளை நான் கூட்டிக்கொண்டிருந்தேன். செங்கற் துண்டொன்றைப் புரட்டியபோது, அதன் கீழே விரற்கடையளவில், மெழுகு பூசினாற்போன்ற பச்சை மொட்டொன்று வளைந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. களை என்று பிடுங்கக் கைநீட்டினேன். பக்கத்திலே முந்தின இலை ஒன்று விரிந்திருந்தது. அகன்று, ஓரம் பிளந்த இலை. கையை இழுத்துக்கொண்டேன்.

முறிந்த கட்டைக்கும் அவ்விடத்துக்கும் இருபத்தைந்து அடி இருக்கும். இதற்குக் காரணம் உண்டு. பாத்திரங் கழுவும் நீர் விழும் இடம் அது. பவுசரில் வந்த நன்னீரை நாங்கள் அங்கேயே கொட்டியதால், அவ்வளவு மண்ணில் மட்டும் உப்புக் கரைந்து இறங்கியிருக்க வேண்டும். அலை புரட்டிய கல்லொன்று வேரைக் காயப்படுத்தியிருக்க வேண்டும். இப்படியெல்லாம் பகுத்தறிவு சொல்கின்றது. அதனை நான் மறுக்கவில்லை. ஆயினும் அவ்விடம் எது என்பதை என் மனைவிதான் முதலில் சொன்னாள். இருபது ஆண்டுகளின் முன் நான் பானையை வைத்துவிட்டுச் சென்ற அதே சுவரோரம்.

மேசன் பார்த்துவிட்டு, மரம் அவ்விடத்தில் வளர்ந்தால் சுவரைப் பிளக்கும், வெட்டிவிடுங்கள் என்றார். அவர் சொன்னது உண்மை. ஈரப்பலா வீட்டுக்கு இருபது முப்பது அடி தள்ளியே நிற்றல் வேண்டும். பெயர்த்து நடலாம், பிழைக்காவிட்டால் வேறு கன்றில்லை. தாயார் செய்ததை ஒவ்வொன்றாய் நினைவுகூர்ந்து செய்தேன். இவ்வாறு செய்ய விரும்பும் நேயர்களுக்கு அம்முறையைச் சொல்லிவைக்கின்றேன்.

கன்று ஒன்றரை அடி உயருமட்டும் பொறுத்திருத்தல் வேண்டும். பின்பு, தாய்மரத்திலிருந்து வரும் பக்கத்தில் மட்டும் வேரைக் கூரிய கத்தியால் அறுத்து, மண்ணால் மூடி, ஆறேழு வாரம் நீர்விட்டு வரவேண்டும். கன்று தனக்கென மெல்லிய வேர்களை விடும். மாரி தொடங்கியதும் மறுபக்கத்தையும் அறுத்து, மண் உதிராமல் தூக்க வேண்டும். இலைகளைப் பாதியாக நறுக்கிவிட்டால் வாட்டம் குறையும். கூளமும் மாட்டெருவும் இட்ட குழியில் நட்டு, முதற் கோடையில் ஓலையால் நிழல் கொடுக்க வேண்டும். நாலைந்து ஆண்டுகளிற் காய்க்கும். அவசரம் ஒன்றே இதற்குப் பகை. 'மூணு மாசமா வேர் விடவெச்சு' என்று தாயார் சொன்ன சொல்லின் முழுப் பொருளும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் மணமுடிப்பதற்கு முன்னரே, பிரியவிருக்கும் மகனுக்காக அவர் ஒரு பக்கத்து வேரை அறுத்து வைத்திருந்தார்.

அவ்வாண்டு மாரியின் முதன்மழையில் கன்றை மேற்கு மூலைக்குக் கொண்டுபோனேன். இம்முறை மனைவியை விடவில்லை. நானே குழி தோண்டினேன். கன்றை நிறுத்தி, மண்ணை அள்ளிப் போடும்போது, முதற்பிடி மண் கையில் நின்றுவிட்டது. ஒன்பது ஆண்டுகளாகப் போடாதிருந்த மண் அது. மழையில் நின்றதால் என் முகத்தை யாரும் கவனிக்கவில்லை. "போடுங்க, வேர் காயுது" என்றாள் மனைவி. போட்டேன்.

இன்று அம்மரம் ஓங்கி நிற்கின்றது. 2014ஆம் ஆண்டில் மண்முனையில் பாலமும் அமைந்துவிட்டது. தாயார் பாதைக்குக் காத்துநின்ற துறையை இப்போது சில நிமிடங்களிற் கடக்கின்றோம். எங்கள் மகனுக்கு வரும் ஆவணியில் திருமணம். வழக்கப்படி அவன் வாழைச்சேனையிலுள்ள பெண்வீட்டுக்குப் போவான். சென்ற மாதம் மரத்தடியில் ஒரு வேரை மண்வெட்டியால் இலேசாகக் கீறி வைத்தேன். முளை வந்துவிட்டது. அவனிடம் இன்னும் சொல்லவில்லை. நான் பானையைக் கொண்டுபோகும் நாளில் அவன் சிரித்தாலும் சிரிக்கட்டும், மருமகள் நடுவாள்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த சிறுமி, கொப்பியை மூடி வைத்துவிட்டு, "அப்ப நான் அம்மாவுக்குப் பூக் குடுக்கிறதா, வேண்டாமா?" என்று கேட்டாள்.

கொடு பிள்ளை, தாராளமாகக் கொடு. அம்மா துறைக்குப் புறப்படும்போது கூடவே போய் வழியனுப்பிவிட்டும் வா என்றேன்.